மனிதனுக்கு எடைக்கல் ஏது?

சில மாதங்களுக்கு முன் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் நடந்த சிறு சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பந்தியில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தி உட்கார்ந்திருந்தாள். பரிமாறுபவர் இரண்டாந் தடவை பாயசம் வார்க்க அவளருகில் வந்த சமயம், எதிர் வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், "அவளுக்குப் போதும் ஐயா, இப்பொழுதே வாசற்படி கொள்ளவில்லை!" என்று உரக்கச் சொன்னார். பந்தி முழுவதும் சிரித்தது. அப்பெண்ணும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள். அன்று மாலை கூடத்தில் சிறுமிகளெல்லாம் வரிசையாக நின்று பாடினர். நன்றாகப் பாடக்கூடியவள் என்று பெயர் பெற்ற அவளை மட்டும் அங்கே காணவில்லை.

சொன்ன பெரியவர் துஷ்டரல்லர். பொதுக் காரியங்களில் தலை நரைத்தவர். சமபந்தி போஜனங்களை முன்னின்று நடத்தியவர். ஜாதிப் பெயர் சொல்லி ஒருவரை இழிவாகப் பேசுவதை அவர் தம் காது கேட்கப் பொறுத்ததில்லை. அவர் வாயிலிருந்துதான் அச்சொல் வந்தது. அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் இதை எழுதுபவனும் ஒருவன். அன்று முதல் நம் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை நேயர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மனிதருக்குள் ஏற்றத் தாழ்வு கூடாதென்று பேசுகிற நாம், ஒருவருடைய சரீரத்தின் பருமனைக் கொண்டு அவருக்குரிய மரியாதையைக் குறைப்பது எந்த நியாயத்தினால்?

பிறந்த குலத்தைக் கூறி ஒருவரைச் சபையில் இகழ்ந்தால் சட்டம் குறுக்கே நிற்கிறது. தோலின் நிறத்தைப் பழித்தால் நாகரிகமுள்ளவர்கள் முகம் சுளிக்கிறார்கள். தேகத்தின் பருமனைப் பழிப்பதற்கு மட்டும் ஹாஸ்யம் என்று பெயர் சூட்டியிருக்கிறோம். நம் அரசியல் மேடைகளையே பாருங்கள். எதிர்க்கட்சிக்காரருடைய கொள்கைக்குப் பதில் சொல்ல இயலாத பிரசங்கி அவருடைய வயிற்றைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்குகிறார். நம் சினிமாப் படங்களில் பருத்த தேகமுடையவர் தோன்றினால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே ஜனங்கள் சிரிக்க வேண்டுமென்று எழுதப்படாத விதி இருந்து வருகிறது. பத்திரிகைகளும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. நம் சித்திரக்காரர்களின் தூரிகை எத்தனையோ பேருடைய தொந்தியை நம்பிப் பிழைத்திருக்கிறது.

இளைத்தவர்களையும் நாம் விட்டுவைப்பதில்லை. "காற்றடித்தால் பறந்துவிடுவான்" என்பதும் நம் நாட்டு ஹாஸ்யமே. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 19 பேர் அளவுக்குக் குறைந்த எடையுள்ளவர்கள். 24 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். தமிழ்நாட்டிலோ பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் எடை மிகுந்தவர்கள் என்று அதே கணக்குக் கூறுகிறது. ஆகவே, இந்தப் பரிகாசம் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் சிலரைத் தாக்குவதன்று. நம் ஒவ்வொருவருடைய வீட்டுக்குள்ளும் அது புகுந்து பாய்கிறது.

மூக்கை அளந்தவர்கள்

சரீரத்தை அளந்து அதனால் மனிதனுடைய தரத்தை நிர்ணயிக்கும் வித்தை நம்மவர்களுக்குப் புதிதன்று. ரிஸ்லி என்னும் ஆங்கில சிவில் உத்தியோகஸ்தர், 1891இல் வங்காளத்து ஜாதிகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். இந்நாட்டு மக்களின் மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் கருவி கொண்டு அளக்கச் செய்து, அகன்ற மூக்குடையோர் சமூகத்தில் தாழ்ந்தவர், குறுகிய மூக்குடையோர் உயர்ந்தவர் என்று சாதித்தவர் அவர். 1901ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குக்கு அவரே கமிஷனராக இருந்தார். அந்தச் சாஸ்திரத்தை இன்று படிப்பவன் கோபங்கூடக் கொள்வதில்லை. நகைத்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறான். மூக்கின் அகலத்துக்கும் மனிதனுடைய மேன்மைக்கும் என்ன சம்பந்தம்?

மூக்குக்குச் சொன்ன நியாயம் இடுப்புக்கும் பொருந்த வேண்டுமல்லவா? ஆனால் எடை விஷயத்தில் நமக்கு ஒரு தயக்கம் உண்டாகிறது. "எடைக்கு விஞ்ஞானம் ஆதாரமாக இருக்கிறதே, வைத்தியர்களே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களே" என்கிறோம். அந்தக் கணக்கு எங்கே பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சிறிது விசாரித்துப் பார்ப்போம்.

நக்ஷத்திரக் கணக்கு

இன்று ஆஸ்பத்திரிகளில் பி.எம்.ஐ. என்று வழங்கும் உடல் நிறைக் குறியெண்ணின் சூத்திரம் எளியது. ஒருவருடைய எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, உயரத்தை மீட்டரில் அளந்து அதன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.6 மீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உடையவருக்கு வரும் எண் 25.

எடைக்கும் உயரத்துக்கும் உள்ள இவ்வுறவைக் கண்டு சொன்னவர் வைத்தியரே அல்லர். பெல்ஜியம் தேசத்தில் கெண்ட் நகரில் 1796இல் பிறந்த அடால்ஃப் கெட்டலே என்பவர் ஒரு வான சாஸ்திரி. பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் வானிலைக் கூடம் அவருடைய முயற்சியால் ஏற்பட்டது. ஒரே நக்ஷத்திரத்தைப் பல பேர் பார்த்துப் பல விதமாகக் குறித்தால், அவற்றின் சராசரியே உண்மையான இடம், மற்றவை பார்வைப் பிழைகள் என்பது வான சாஸ்திரிகளின் முறை. கெட்டலே இம்முறையை மனிதர் மீது செலுத்தினார். 1835இல் வெளியிட்ட நூலில் "சராசரி மனிதன்" என்றொரு கற்பனை மனிதனைப் படைத்தார். பின்னர் 5,738 ஸ்காட்லாந்து சிப்பாய்களின் மார்புச் சுற்றளவுகளை எடுத்துக்கொண்டு, அவையும் நக்ஷத்திரக் குறிப்புகளைப் போலவே ஒரு சராசரியைச் சூழ்ந்து பரவியிருப்பதைக் காட்டினார். அந்தச் சராசரியே இயற்கை கருதிய உத்தம வடிவம் என்று அவர் எண்ணினார். அவ்வாறாயின் மற்றவர்களெல்லாம் யார்? இயற்கை செய்த பிழைகள்!

கெட்டலேயின் நோக்கம் ஒரு ஜன சமூகத்தை மொத்தமாக அறிவது. தனி ஒருவன் பருத்தவனா, இளைத்தவனா, நோயாளியா, ஆரோக்கியவானா என்று தீர்ப்புச் சொல்ல அவர் இச்சூத்திரத்தை வகுக்கவில்லை. ஊருக்குப் பெய்த மழையை அளந்த பாத்திரத்தைக் கொண்டு ஒருவனுடைய தாகத்தை அளக்கலாமா?

பிறகு வந்தவர்கள் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்காரர்கள். எவன் சீக்கிரம் இறப்பான், எவன் நீடித்துச் சந்தாப் பணம் கட்டுவான் என்பது அவர்களுக்கு லாப நஷ்ட விஷயம். அமெரிக்காவில் மெட்ரோபாலிடன் லைஃப் கம்பெனியார் 1942, 1943ஆம் வருஷங்களில் உயரத்துக்குத் தக்க "உத்தம எடை" அட்டவணைகளை வெளியிட்டார்கள். பாலிஸி எடுக்க வசதியுள்ளவர்களைக் கொண்டு தயாரித்த அவ்வட்டவணை நாளடைவில் வைத்தியசாலைச் சுவருக்கு வந்தது. வியாபாரியின் பேரேட்டில் இருந்த எண் வைத்தியனின் வேதமாயிற்று.

இந்த அட்டவணைகள் போதாவென்று 1972இல் கெட்டலேயின் சூத்திரத்தை மீண்டும் எடுத்து அதற்கு இன்றைய பெயரைச் சூட்டியவர் ஆன்ஸல் கீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அவரும் அவருடைய சகாக்களும் ஐந்து தேசங்களைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் அளவுகளை ஆராய்ந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். இந்தியர் எவரும் அதில் இல்லை. இது பூரண திருப்தி தரும் அளவை அன்று, மற்ற அளவைகளுக்குக் குறைந்ததுமன்று என்ற அளவில்தான் கீஸே அதற்கு நற்சாட்சி கூறினார்.

இதே கீஸ், இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் செய்த மற்றொரு சோதனையையும் இங்கே குறிப்பிட வேண்டும். கொலைத் தொழில் தங்கள் மனச்சாட்சிக்கு விரோதமென்று ராணுவ சேவையை மறுத்த 36 அமெரிக்க இளைஞர்கள், பட்டினியால் வாடும் ஐரோப்பியர்களுக்கு உதவும் பொருட்டுத் தங்கள் சரீரங்களை மின்னெஸோட்டா சர்வகலாசாலைக்கு ஒப்புவித்தார்கள். 1945 பிப்ரவரி முதல் 24 வாரம் அரைப்பட்டினி கிடந்து, தங்கள் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தார்கள். கொள்கைக்காக அரசாங்கத்தையே எதிர்த்து நின்ற அந்த உறுதி படைத்தவர்களின் சிந்தை முழுவதையும் சோறு ஆக்கிரமித்துக்கொண்டது. சமையல் புத்தகங்களை மணிக்கணக்காகப் படித்தார்கள். சிடுசிடுப்பும் சோர்வும் அவர்களைப் பற்றிக்கொண்டன. வயிறார உண்ண அனுமதித்த பின்னர், முன்பிருந்ததற்கும் அதிகமான கொழுப்பை அவர்களுடைய தேகங்கள் சேர்த்துக்கொண்டன. "மனவுறுதி இருந்தால் இளைத்துவிடலாமே" என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் இந்த 36 பேரின் கதையைப் படிக்கவேண்டும். அவர்களுக்கு மனவுறுதி இல்லையென்று யார் சொல்லத் துணிவார்?

பிறந்ததும் பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களைப் பற்றி 1990இல் வெளியான ஓர் ஆராய்ச்சியும் இதையே வேறு வழியில் காட்டிற்று. ஒரே கருவில் தோன்றிய அவ்விரட்டையர்கள் வெவ்வேறு அடுப்பில் சமைத்ததை உண்டு வளர்ந்தபோதிலும், பருமனில் பெரும்பாலும் ஒருவரையொருவர் ஒத்திருந்தார்கள். உயரத்தைப் போலவே பருமனிலும் பிறப்பின் பங்கு பெரிது. உயரத்துக்காக ஒருவனைச் சோம்பேறி என்று நாம் ஏசுவதில்லை.

ஒரே எண், இரண்டு மனிதர்

இவ்வெண்ணின் கோடுகள் எங்கே கிழிக்கப்படுகின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்றிருந்த எல்லையை 1998ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இருபாலருக்கும் 25 என்று மாற்றினார்கள். முதல் நாள் இரவு சாதாரண மனிதர்களாகப் படுத்துறங்கிய இரண்டு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் மறுநாள் காலையில் எடை மிகுந்தவர்களாக எழுந்தார்கள். அவர்கள் உடலில் ஒரு குன்றிமணி எடைகூட ஏறவில்லை. நகர்ந்தது கோடு மட்டுமே.

நம் நாட்டைச் சேர்ந்த ஓர் உதாரணம் இதைவிடத் தெளிவானது. பூனா நகரத்து வைத்தியர் யாஜ்னிக்கும், லண்டன் வைத்தியர் யுட்கினும் 2004இல் தங்கள் இருவருடைய படத்தையும் ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். இருவருக்கும் குறியெண் ஒன்றே: 22.3. ஆனால் தேகத்திலுள்ள கொழுப்பை அளந்து பார்த்தபோது ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1 பங்கும், இந்தியருக்கு 21.2 பங்கும் இருந்தது. பார்வைக்கு மெலிந்த இந்தியனுக்கு நீரிழிவும் இருதய நோயும் வரக்கூடுமென்பதை அந்த எண் மறைத்துவிடுகிறது. அதே வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்களும், ஆசிய மக்களுக்கு அபாயம் குறைந்த எண்ணிலேயே தொடங்குகிறதென்று எடுத்துரைத்தார்கள். இந்திய வைத்தியர்கள் 2009இல் நம்மவர்களுக்கு எல்லையை 23 என்று வகுத்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் இரண்டு. பருத்தவனைப் பார்த்த மாத்திரத்தில் நோயாளி என்று சொல்ல முடியாது. இளைத்தவனைப் பார்த்து ஆரோக்கியவான் என்று நிச்சயிக்கவும் முடியாது. அமெரிக்க வைத்திய சங்கத்தார் 2023 ஜூன் மாதத்தில், இக்குறியெண் குறைபாடுடையதென்றும், கடந்த காலத்தில் தீங்கான முறையில் உபயோகிக்கப்பட்டதென்றும் ஒப்புக்கொண்டு தீர்மானம் நிறைவேற்றினார்கள். 2025 ஜனவரியில் சர்வதேச நிபுணர் குழுவொன்று, இவ்வெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எவரையும் நோயாளியென்று நிர்ணயிக்கலாகாது, உறுப்புகளின் நிலையைப் பரீக்ஷித்தே சொல்லவேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. வைத்தியர்களே ஒரு நோயை நிர்ணயிக்கப் போதாதென்று ஒதுக்கும் எண்ணைக் கொண்டு, நாம் ஒரு மனிதனுடைய ஒழுக்கத்தையும் சுறுசுறுப்பையும் புத்தியையும் நிர்ணயிக்கிறோம்!

பீஜித் தீவில் நடந்தது

அழகைப் பற்றிய எண்ணம் இயற்கையானது, அதை மாற்ற முடியாது என்று சிலர் வாதிப்பார்கள். அவர்களுக்குப் பீஜித் தீவு பதில் சொல்லும். நம் தமிழ் மக்கள் உட்பட இந்தியர் பலர் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்று கண்ணீர் சிந்திய அதே தீவுதான். அத்தீவின் ஆதி ஜனங்கள் வாட்டசாட்டமான தேகத்தையே விரும்பி வந்தவர்கள். ஒருவர் இளைத்துப் போனால், அவரைக் கவனிப்பார் இல்லையோ என்று உற்றார் கவலை கொள்வர். 1995இல் நாட்ரோகா என்னும் பிரதேசத்துக்கு டெலிவிஷன் வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அங்குள்ள பள்ளிக்கூடப் பெண்களை டெலிவிஷன் வந்த சமயத்திலும் மூன்று வருஷங்களுக்குப் பின்பும் விசாரித்தார். உணவைப் பற்றிய விபரீத மனப்போக்குடையவர்கள் 1995இல் நூற்றுக்குச் சுமார் 13 பேர். 1998இல் 29 பேர். எடையைக் குறைப்பதற்காக உண்டதை வலிய வாந்தியெடுத்தவர் முன்பு ஒருவருமில்லை. மூன்றே வருஷத்தில் நூற்றுக்கு 11 பேர் அவ்வாறு செய்ததாக ஒப்புக்கொண்டனர்.

தாய், பாட்டி, முப்பாட்டி எல்லோரும் பெருமையாகக் கருதிய உடலை, எங்கோ தயாரான படங்களைப் பார்த்து மூன்று வருஷத்தில் ஒரு தலைமுறை வெறுக்கக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டது எதுவோ அதைக் கைவிடவும் கூடும். பிறருடைய கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து வெட்கப்படும் மனநிலைக்கு நம் முன்னோர் அடிமைப் புத்தி என்று பெயர் வைத்தார்கள். அதை நாம் அரசியலில் ஒழித்தோம். நிலைக்கண்ணாடியின் முன் ஒழிக்கவில்லை.

எதிர்த்து நின்றவர்கள்

இவ்வநீதியை எதிர்த்து முதலிற் கிளம்பியவர்கள் அமெரிக்கர்களே. 1967ஆம் வருஷம் நியூயார்க் நகரத்துச் சென்ட்ரல் பூங்காவில் ஸ்டீவ் போஸ்ட் என்ற ரேடியோக்காரர் அழைத்த கூட்டத்துக்குச் சுமார் 500 பேர் வந்தார்கள். பதாகைகளைத் தாங்கி, வேண்டியதை உண்டு, உடலை இளைக்கச் செய்யும் பத்தியப் புத்தகங்களைத் தீயிலிட்டார்கள். அந்நியத் துணிகளைத் தெருவில் குவித்துக் கொளுத்திய நம் தேசத்தாருக்கு அந்தத் தீயின் பொருள் எளிதில் விளங்கும். எரிந்தது காகிதம், ஒழிக்க விரும்பியது அவமானம்.

அதே வருஷத்தில் லூ லவுடர்பாக் என்பவர், பருத்தவர்களுக்கு இழைக்கப்படும் அநீதியைக் குறித்து ஒரு பிரபல பத்திரிகையில் எழுதிய கட்டுரை பலருடைய கண்களைத் திறந்தது. பில் ஃபாப்ரே என்ற இளம் இஞ்சினீயர் அதைப் படித்தார். பருத்த தேகமுடைய தம் மனைவியை உலகம் நடத்தும் விதத்தைக் கண்டு மனம் நொந்திருந்த அவர், 1969இல் பருத்தவர்களின் உரிமைக்காக ஒரு சங்கம் தாபித்தார். ஒரு புருஷன் தன் மனைவியின் கௌரவத்துக்காகத் தொடங்கிய அச்சங்கம் இன்றும் நிலவுகிறது. 1973இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பெண்கள் இருவர் எழுதிய பிரகடனமொன்று, பருத்தவர்களுக்கும் மனிதருக்குரிய மரியாதையைச் சம உரிமையாகக் கோரிற்று. சட்டமும் பின்தொடர்ந்தது. மிச்சிகன் மாகாணம் 1976இல் இயற்றிய சட்டத்தில், உத்தியோகம் முதலியவற்றில் உயரத்தையும் எடையையும் காரணங்காட்டிப் பாரபட்சம் செய்வதைத் தடுத்தது. நியூயார்க் நகரம் 2023இல் அதே பாதுகாப்பை அளித்தது.

நம் நாட்டில் நிலைமை என்ன? எடை விதியை எதிர்த்து விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கை டில்லி ஹைகோர்ட் 2007இல் தள்ளிவிட்டது. அந்நாளில் அரசாங்கத்தின் உடைமையாயிருந்த ஏர் இந்தியா, 2009 ஜனவரியில் எடை மிகுந்த காரணத்துக்காகப் பணிப்பெண்கள் சிலரை வேலையினின்றும் நீக்கியது. பல்லாண்டு ஊழியம் செய்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆபத்துக் காலத்தில் பிரயாணிகளைக் காக்கும் திறமை ஒருவருக்கு இருக்கிறதா என்று பரீக்ஷிப்பது நியாயம். அத்திறமையைத் தராசு ஒன்றே காட்டிவிடுமா என்பதே கேள்வி. மதம், இனம், ஜாதி, பால், பிறந்த இடம் என்று நம் அரசியல் சட்டத்தின் 15ஆவது ஷரத்து எண்ணிச் சொல்லும் பட்டியலில் உடலின் பருமன் இல்லை. சட்டத்தில் இல்லாததை நாம் நம் நடத்தையில் சேர்த்துக்கொள்வதற்கு எவர் தடை சொல்வார்?

ஓர் ஆக்ஷேபம்

"நீர் சொல்வது பருமனை வளர்க்கும் உபதேசமல்லவா? நீரிழிவும் இருதய நோயும் பெருகிவரும் காலத்தில் இப்படி எழுதலாமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது, மழுப்பாமல் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். மிகுந்த கொழுப்பினால், முக்கியமாக வயிற்றைச் சூழ்ந்து சேரும் கொழுப்பினால், நோய்கள் விளைகின்றன என்பது உண்மை. அதை மறுப்பவன் ஜனங்களுக்குத் துரோகம் செய்கிறான். நடக்கவேண்டும், உழைக்கவேண்டும், அறிந்து உண்ணவேண்டும், வைத்தியரிடம் போகவேண்டும். இவற்றில் எதையும் நாம் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஆனால் அவமானம் மருந்தாகுமா? அமெரிக்காவில் ஐம்பது வயது கடந்த ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை 2006 முதல் 2010 வரை தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்று 2013இல் வெளியாயிற்று. எடையின் காரணமாக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள், மற்றவர்களைக் காட்டிலும் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாகப் பின்னர் மிகுபருமனை அடைந்தார்கள். இதன் காரணத்தை அறியப் பெரிய சாஸ்திரம் வேண்டியதில்லை. பலர் பார்த்துச் சிரிப்பார்களென்று அஞ்சுகிறவன் மைதானத்துக்கு ஓடப் போகமாட்டான். வைத்தியர் முதல் வார்த்தையாக ஏசுவாரென்று தெரிந்தவள் வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பாள். பந்தியில் இலையை மடித்த பெண் நள்ளிரவில் சமையலறையில் ஒளிந்து உண்பாள். வெட்கம் நோயைத் தீர்க்காது. நோயாளியை மறைத்து வைக்கும்.

தன் உடலை நேசிக்கிறவனே அதைப் பேணுவான். பகைவனுடைய வீட்டுக்கு யாரும் ஓடு மாற்றுவதில்லை. உன் உடல் உனக்குச் சத்துரு என்று சிறுவயது முதல் ஒருவருக்குக் கற்பித்துவிட்டுப் பிறகு அதைக் காப்பாற்று என்று உபதேசிப்பது எவ்வளவு பேதைமை! மரியாதை என்பது இளைத்த பிறகு கொடுக்கும் பரிசாக இருக்கக்கூடாது. ஆரோக்கியத்தை நோக்கி ஒருவன் எடுத்து வைக்கும் முதலடிக்கு அதுவே ஊன்றுகோல்.

முடிவாக

1931ஆம் வருஷம் காந்தியடிகள் வைஸ்ராயுடன் பேச அரண்மனைப் படிகளில் ஏறியபோது, ஆங்கிலேய ராஜதந்திரி சர்ச்சில் மனம் பொறாமல், அரை நிர்வாணப் பக்கிரி என்ற பொருள்படப் பரிகாசம் செய்தார். எலும்பும் தோலுமான அந்தத் தேகத்தை அவர் கண்டார். அதனுள்ளிருந்த சக்தியைக் காணவில்லை. பரிகசித்த சர்ச்சிலோ நல்ல பருத்த சரீரி. ஆயினும் அவருடைய ஏகாதிபத்தியக் கொள்கையை எதிர்க்க நமக்கு அவருடைய தொந்தி தேவைப்படவில்லை. ஒருவரை அவருடைய செய்கைக்காகப் போற்றவும், செய்கைக்காக எதிர்க்கவும் தெரிந்திருப்பதே அரசியலில் பண்பாடு. மனிதரை எடைபோடத் தெரியாதவனே அவருடைய மாமிசத்தை எடைபோடுவான்.

ஆதலின் பொதுவாழ்வில் ஈடுபட்டிருக்கும் நம் நண்பர்களுக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது. மேடையில் ஏறும்போது எதிரியின் உடலை மேடைக்குக் கீழே விட்டுவிட்டு அவருடைய கொள்கையோடு மட்டும் மல்லுக்கு நில்லுங்கள். பந்தியில் பிள்ளைகளின் இலையைப் பார்த்து ஹாஸ்யம் பேசாதீர்கள். பேசுகிறவரைக் கண்டால், வயதில் மூத்தவராயினும், பணிவுடன் நிறுத்தச் சொல்லுங்கள். பள்ளிக்கூடங்களில் பட்டப்பெயர் வைக்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் கண்டும் காணாததுபோல் இருக்கலாகாது. வைத்தியர்கள் தராசின் முள்ளைப் பார்ப்பதற்கு முன் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கட்டும். இவற்றுக்குப் பணம் வேண்டாம், சட்டம் வேண்டாம், கட்சி வேண்டாம். நாவை ஒரு கணம் அடக்கினால் போதும்.

அந்தக் கலியாண வீட்டுப் பெண்ணை அன்றைக்குப் பிறகு நாம் சந்திக்கவில்லை. அவள் எடை என்ன என்பது நமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியதுமில்லை. அவள் குரல் இனியது என்று கேட்டவர்கள் சொல்லுகிறார்கள். அந்தக் குரலை அன்று நாம் எல்லோருமாகச் சிரித்து அடக்கினோம். அடுத்த கலியாணத்தில் அவள் வந்து பாடவேண்டுமானால் அதற்காக இளைக்கவேண்டியது அவளல்ல. நம்முடைய வாய்தான் சிறிது இளைக்கவேண்டும்.